செஞ்சியின் குதிரை லாயம்

உளுந்தூர்பேட்டையில் இருந்து விழுப்புரம் வழியாகச் செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரி மலைக்கோட்டையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது அடிவாரத்தில், கல்யாண மகாலை ஒட்டி வரிசையாக நிற்கும் வளைவுக் கூரை அறைகள். குதிரை லாயம் என்று காட்டுவார்கள். படைவீரர் தங்கிய இடம் என்பாரும் உண்டு. இரண்டும் பொருந்தும் கட்டடம் அது. உத்தரம் இல்லை, மரம் இல்லை. வளைவே கூரையைத் தாங்குகிறது. கனத்த சுவர் வெயிலை உள்ளே விடாது. பக்கத்திலேயே யானைக்குளம். கட்டியவருக்குக் கால்நடையின் தாகம் தெரிந்திருக்கிறது!

கோட்டைக்குச் சொந்தக்காரர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். நடுவில் 1714இல், குதிரையோடு சேர்த்தே நாம் கதை சொல்லும் தேசிங்கு ராஜன் போரில் மாண்டான். வந்த படைக்கெல்லாம் கூரை வேண்டியிருந்தது. போர்கள் ஓய்ந்தபின் அறைகள் காலியாயின; இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில், மதிய வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களுக்கு நிழல் தருகின்றன.

2025இல் செஞ்சிக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. மலை ஏறும் அவசரத்தில் இந்த அறைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சுவரில் பெயர் கிறுக்கவும் வேண்டாம்.