துப்பாக்கியும் வரியும் சுதந்திரமும்

ஒரு சொல்லின் பொருளை அகராதியில் மட்டும் தேடுதல் போதாது. அதனை யார், யாரை நோக்கி, எந்நலன் கருதிக் கூறுகின்றனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கி உடையோர் சார்பில் எழுதப்படும் பிரசாரங்களில் ‘சுதந்திரம்’ என்னும் சொல் அத்தகைய ஆராய்ச்சிக்குரியது. சுடுகலன் மீதான வரியும், ஆயுத வாணிபம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் அச்சுதந்திரத்தைப் பறிக்க வரும் இரு கைகள் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை முழுமையாக ஏற்பதும் தவறு. முழுமையாக எள்ளி நகையாடுவதும் தவறு.

முதலில் வரியை நோக்குவோம். 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகலச் சட்டம் இயந்திரத் துப்பாக்கி, குழல் குறுகிய துப்பாக்கி முதலியவை கைமாறும்போது 200 டொலர் வரி விதித்தது. அக்காலத்தில் ஒரு தொம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலையும் ஏறத்தாழ அதுவே. பணமுள்ளவனுக்குத் திறந்தும் இல்லாதவனுக்கு அடைத்தும் வைக்கப்பட்ட தடை அது. (2025இல் இயற்றப்பட்ட சட்டமொன்று ஒலியடக்கி, குழல் குறுகிய துப்பாக்கி ஆகியவற்றுக்கு இவ்வரியை 2026 ஜனவரி முதல் இல்லாதாக்கிற்று.) 2024 ஜூலையில் கலிபோர்ணியா மாநிலம் நடைமுறைப்படுத்திய 11 வீத வரியைச் செலுத்த வேண்டியவர் வணிகரும் உற்பத்தியாளருமே, ஆயின் வணிகர் அதனை விலையோடு சேர்த்து வாங்குவோன் தலையில் சுமத்தலாம். பாதுகாப்பற்ற குடியிருப்பில் வாழும் ஏழைத் தொழிலாளியின் முறைப்பாடு இவ்விடத்தில் நியாயமானதே. வறியோனை அழுத்தும் மறைமுக வரியை ஏனைய பண்டங்களில் எதிர்க்கும் நாம், துப்பாக்கி என்றவுடன் மௌனம் சாதித்தல் நேர்மையன்று.

ஆயினும், வரி என்பதே அடக்குமுறை என்ற கூற்று நிற்காது. 1937ஆம் ஆண்டின் பிற்மன்-றொபேட்சன் சட்டத்தின்படி, கைத்துப்பாக்கிக்கு 10 வீதமும் ஏனைய துப்பாக்கிகளுக்கும் ரவைகளுக்கும் 11 வீதமுமாக உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் செலுத்தும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது. வேட்டைக்காரர் சங்கங்கள் இதனைத் தம் பெருமையாகவே பேசுகின்றன. மான்களைக் காக்கக் கொடுக்கும் வரி பெருமையாயின், கலிபோர்ணியா கேட்பதுபோல் பாடசாலைப் பிள்ளைகளைக் காக்கக் கொடுக்கும் வரி மட்டும் கொடுங்கோன்மை ஆவது எவ்வாறு?

இனி உடன்படிக்கை. 2013 ஏப்ரில் 2ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 154 வாக்குகளால் ஆயுத வாணிப உடன்படிக்கையை ஏற்றது. எதிர்த்தவை ஈரான், வடகொரியா, சிரியா ஆகிய மூன்றே. வாக்களியாது நின்ற 23 நாடுகளுள் இந்தியாவும் இலங்கையும் அடங்கும். ஆதலின் இது நமக்கு அயல்வீட்டுச் சங்கதியன்று. விளையாட்டு, பண்பாடு முதலியவற்றுக்காகச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருத்தலை உடன்படிக்கையின் முகவுரையே அங்கீகரிக்கிறது. இறுதிப் பயனாளர் விபரத்தைப் பதிவேடுகளில் சேர்க்குமாறு கூறும் 12ஆம் உறுப்புரையே துப்பாக்கி உடையோர் அச்சத்துக்குக் கிடைத்த பற்றுக்கோடு. அதுவும் ஊக்குவிப்பேயன்றிக் கட்டாயமன்று. உடன்படிக்கை உண்மையில் கட்டாயமாகத் தடுப்பது, இனப்படுகொலை முதலிய குற்றங்களுக்குப் பயன்படும் என அறிந்தும் ஆயுதம் அனுப்புவது போன்றவற்றையே.

அவ்வாறாயின் அதனால் இடர்ப்படக்கூடியவர் யார்? தன் வயலில் ஒரு துப்பாக்கியோடு நிற்கும் குடியானவன் அல்லன். எல்லை கடந்து ஆயுதம் விற்போரே. உலகின் மிகப் பெரிய ஆயுத ஏற்றுமதி நாடு அமெரிக்காவாகும். அது 2013 செப்டெம்பரில் கைச்சாத்திட்டும் மேலவை உடன்படிக்கையை உறுதிப்படுத்தவில்லை. 2019 ஏப்ரிலில் இண்டியானாபொலிஸ் நகரில், தேசிய றைபிள் சங்கத்தின் கூட்ட மேடையிலேயே சனாதிபதி ட்ரம்ப் அக்கைச்சாத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். மேடையில் முழங்கியது குடியானவனின் உரிமை. கட்டவிழ்ந்தது ஏற்றுமதியாளனின் கை.

வறியோனின் அச்சத்தை வணிகனின் இலாபத்திலிருந்து பிரித்தறிதலே முற்போக்காளர் கடமையாகும். வரிச்சுமை ஆயுத உற்பத்தியாளரின் இலாபத்தின் மீது விழவேண்டும். உடன்படிக்கை பெரும் ஏற்றுமதி நாடுகளையே முதலிற் கட்டுப்படுத்தவேண்டும். இவ்விரண்டையும் கோராதவரை, எளியோனின் நியாயமான முறைப்பாடு வணிகனின் கேடயமாகவே தொடரும்.