கணக்கும் கதையும்

வாணிபக் கதை என்றால் மக்கள் கொட்டாவி விடுவார்கள் என்று நம் படமுதலாளிகள் எண்ணினர் போலும். 'அண்ணாமலை' (1992) பால்காரரையும் 'சூர்யவம்சம்' (1997) நாயகரையும் ஒரே பாட்டுக்குள் செல்வந்தராக்கினார்கள். பாட்டு தொடங்கும்போது கையில் காசில்லை. முடியும்போது வாசலில் கார். நாமும் ரசித்தோம், மறுப்பதற்கில்லை. ஆயினும் ரசித்தது இசையையும் நடிகரையுமே அன்றி வாணிபத்தையன்று. கடன் கொடுத்தவர் யார், முதல் சரக்கு என்ன விலைக்குப் போயிற்று என்பவற்றை அப்பாட்டு விழுங்கிவிட்டது.

விழுங்கப்படுவது எத்தகைய சுவை என்பதை அறிய நம் கரிசல் மண்ணின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யின் கதை போதும். 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே போட்டி மூண்டது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே எதிரி, பயணம் இலவசம், உடன் ஒரு குடையும் இலவசம் என்றான்! அந்தக் குடையைக் கேட்டதும் சிரிப்பு வருகிறது. அடுத்த கணமே, 25 ரூபாய் போட்டவனின் பணம் என்னாகும் என்று நெஞ்சு பதைக்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதுதான் வாணிபக் கதையின் சுவை என்போம். புதூரில் வத்தல் மூட்டைகளைக் கமிஷன் கடையில் இறக்கிவிட்டு விலைக்காகக் காத்திருப்பவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தொகையைச் சொன்னால் கதை வறண்டுவிடும் என்பது தவறான எண்ணம். லூக்கா நற்செய்தியில் வரும் வீட்டுப் பொறுப்பாளரை நினைத்துப் பாருங்கள். வேலை போகப் போகிறது என்றறிந்த அவர் கடன்காரர்களை அழைத்து, நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும், நூறு மூடை கோதுமையை எண்பதாகவும் எழுதச் சொல்கிறார். 'கடனைக் குறைத்தார்' என்று மட்டும் இருந்திருப்பின் அக்கதை இத்தனை காலம் வாய்க்கு வாய் உலவியிருக்குமா என்பது ஐயமே. (எண்ணெய்க்குப் பாதி, கோதுமைக்கு ஐந்தில் ஒன்று மட்டும் ஏன் என்ற கேள்வியை மறையுரைகளில் நாம் மெல்லக் கடந்துவிடுவது வேறு கதை.)

2020-இல் வெளிவந்த 'சூரரைப் போற்று' இந்த உண்மையை உணர்ந்த படம். கேப்டன் கோபிநாத்தின் விமானக் கம்பெனி வரலாற்றைத் தழுவிய இதில், சாகக் கிடக்கும் தந்தையைக் காண விமானச் சீட்டுக்குப் பணம் போதாமல் நாயகன் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்துகிறான். அந்த ஒரு காட்சியால், மலிவுக் கட்டணம் என்ற வறண்ட சொல்லுக்கு இரத்தமும் சதையும் வந்துவிடுகின்றன. இயக்குநர் சுதா கொங்கராவைப் பாராட்டுகிறோம்.

எனினும் குறையொன்று உண்டு. ஊர்மக்கள் விமானமேறியதும் படம் முடிகிறது. உண்மையில் 2003-இல் பறக்கத் தொடங்கிய ஏர் டெக்கான் நட்டம் தாங்காமல் கைமாறி, 2008-இல் கிங்ஃபிஷருடன் இணைந்தது. அந்த கிங்ஃபிஷரும் 2012-இல் பறப்பதை நிறுத்திற்று. களிப்பூட்ட வேண்டிய படம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்பர். மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துத் தொழில் தொடங்கத் துடிக்கும் இளைஞனும் அதே கொட்டகையில் அமர்ந்திருக்கிறான் அல்லவா? அவனுக்கு வரவை மட்டும் காட்டிப் பற்றை மறைப்பது நேர்மையாகுமா?

பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' (1961) அவ்வாறு மறைக்கவில்லை. செக்கிழுத்த கொடுமை வரையிலும், விடுதலைக்குப் பின் வந்த வறுமை வரையிலும் நம்மைக் கூட்டிச் சென்றது. வசூலில் தோற்றது. முடிவின் துயரமே காரணம் என்று சொல்லித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. கட்டணப் போரும் குடையும் தரும் சுவையைவிட மேடைப் பேச்சுக்கே அப்படம் மிகுதியாக இடம் தந்தது என்பது நம் கருத்து. ஏனெனில் அந்த முடிவிலும் கதைச்சுவை குறைவன்று: வ.உ.சி. சிறையிலிருந்தபோதே 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்த வெள்ளையர் கம்பெனியை எதிர்த்து 'காலியா' கப்பல் வாங்கப்பட்டதோ, அதனிடமே அது விலைபோயிற்று.