மத நல்லிணக்கக் கச்சேரியை எப்படி ரசிப்பது

மத நல்லிணக்கக் கச்சேரி என்பது பல சமயத்தவரின் பாடல்களை ஒரே மேடையில், கர்நாடக இசை முறைப்படி பாடுவது. அந்த நல்லிணக்க உணர்வை உலக மேடைக்குக் கொண்டுபோன கச்சேரி, 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி எழுதிய ‘மைத்ரீம் பஜத’வும் ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பிரார்த்தனையும் அங்கே ஒலித்தன. போரையும் போட்டியையும் கைவிடச் சொல்லும் அந்த வடமொழிப் பாடல் எந்தத் தெய்வத்தையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

மலேசியாவின் மலாக்காவுக்கு மத நல்லிணக்கம் புதிதல்ல. டச்சுக்காரர் தந்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில், 1748-இல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதற்கும் மூத்த செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றும் ஒன்றுக்கொன்று சில நிமிட நடைத் தொலைவில் இருக்கின்றன. ஆனாலும் கச்சேரி என்றதும் பட்டணத்துத் தமிழரும், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் “அது படித்தவர்கள் சமாச்சாரம்” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இது வீண் கூச்சம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்குத் தோடி, கல்யாணி ராகங்கள் பழக்கமானவை, பெயர்கள்தாம் தெரியாது. அந்த நாதஸ்வரத்தின் மாமேதைகளில் ஒருவர், ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த இஸ்லாமியரான ஷேக் சின்ன மௌலானா.

அடிப்படை கொஞ்சம்தான். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரு முறை. கச்சேரியில் முதலில் வர்ணம், பிறகு சில கீர்த்தனைகள், நடுவில் பிரதான உருப்படி, அதையொட்டித் தாள வாத்தியக்காரர்களின் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் எனும் சிறு பாடல்கள், மங்களம். மற்றதைக் காது தானே பிடித்துக்கொள்ளும்.

கேட்பவர் கவனிக்க வேண்டியது வேறொன்று: பிற சமயப் பாடல் பிரதான உருப்படியாக வருகிறதா, துக்கடாவாக வருகிறதா? பாடல் பட்டியலில் எல்லா மதமும் இருப்பதாலேயே நல்லிணக்கம் வந்துவிடாது. பெரும்பாலான மேடைகளில் பழகிய கீர்த்தனைக்கு அரை மணி நேர ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் எல்லாம் கிடைக்கும். இஸ்லாமியரான குணங்குடி மஸ்தான் சாகிபுக்கோ கிறிஸ்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கோ கடைசியில் நான்கு நிமிடம். பந்தியில் கடைசி இலை போட்டுவிட்டு விருந்து என்று சொல்வது போன்றது அது. வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர்; ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ என்றே நூலுக்குப் பெயரிட்டவர். அவர் பாட்டில் ஒரு வரியை எடுத்துப் பாடகர் நிரவல் செய்யட்டும். அதே சொற்கள் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு ஸ்வரங்களில் ஏறி இறங்கும்போது, எழுதியவர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்ற கேள்வி கேட்பவர் மனத்திலேயே எழாது. ஆலாபனை இன்னும் ஒரு படி மேல். அங்கே சொல்லே கிடையாது. காம்போதி ராகத்துக்கு மதம் இல்லை. ஒரு பாட்டுக்குப் பாடகர் எவ்வளவு நேரமும் கற்பனையும் செலவிடுகிறாரோ, அவ்வளவுதான் அதற்கு அவர் தரும் மரியாதை. ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். ‘மைத்ரீம் பஜத’வைக் கடைசியில்தானே பாடினார் என்று கேட்கலாம். அது ஒரு சமயத்துக்கு ஒதுக்கிய பங்கு அல்ல. அவையில் இருந்த எல்லோருக்குமான வாழ்த்து.

பிரதான உருப்படிக்கும் துக்கடாவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை விமர்சகர்கள் தொடுவதே இல்லை. புடவை நிறத்தையும் பிரமுகர் பட்டியலையும் எழுதி, “மனம் நெகிழ்ந்தது” என்று முடித்துவிடுகிறார்கள். கீபோர்டு இரைச்சலுக்கு மேல் மூன்று மத மந்திரங்களை அடுக்கி ஃபியூஷன் என்று விற்கும் மோகம் அதைவிட ஆழமற்றது. அதில் ராகத்துக்கு மூச்சுவிடவே இடமில்லை. கர்நாடக இசையில் பிற மதப் பாட்டு கூடாது என்று முகம் சுளிப்பவர்கள், ஆங்கிலேய பேண்டு மெட்டுகளில் முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வரம் இயற்றியதை மறந்துவிட்டார்கள்.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். முன்வரிசை வேண்டாம், அது பிரமுகர்களுக்கு. வயலின்காரரின் முகம் தெரியும் பக்கமாக, நடுவரிசையில் உட்காருவது உத்தமம். பாடகர் எதிர்பாராத பிடி ஒன்றைப் போட்டால் முதலில் மலர்வது அந்த முகம்தான். எங்கே ரசிப்பது என்று தெரியாத புதியவருக்கு அதுவே வழிகாட்டி. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தேநீருக்கு எழுந்து போகும் கூட்டத்தோடு போய்விடக் கூடாது. மொழியே தேவைப்படாத பகுதி அது. பக்கத்து வீட்டுச் சீன நண்பரையோ மலாய் நண்பரையோ அழைத்து வந்திருந்தால், அவர் முதலில் தலையாட்டப்போவது அங்கேதான்.