முதல் நிமிடத்தின் கைகள்

அவசரச் சிகிச்சைப் பிரிவு என்றதும் மானிட்டரும் ஆக்சிஜன் குழாயும் நினைவுக்கு வரும். லிட்டில் அந்தமான் தீவின் டுகாங் கிரீக்கில் அது ஒரு செவிலியரின் இரண்டு கைகள்தான்.

சாந்தி தெரசா லக்ரா துணைச் செவிலியராக அங்கே போனபோது, ஓங்கே பழங்குடியினர் மொத்தமே சுமார் நூறு பேர். ஒரு பிரசவம் தவறினால் இழப்பு அந்த ஒரு குடிசையோடு நிற்காது.

பிறந்த குழந்தை அழவில்லையா? செவிலியருக்குக் கிடைப்பது ஒரே நிமிடம். துணியால் ஈரம் துடைப்பார், முதுகை நீவிவிடுவார். அப்போதும் மூச்சு வராவிட்டால் சின்ன முகமூடியைப் பொருத்தி, அதனோடு இணைந்த காற்றுப் பையை மெல்ல அழுத்திக் காற்று கொடுப்பார். கண் அந்தப் பிஞ்சு நெஞ்சிலேயே இருக்கும்: ஏறுகிறதா, இறங்குகிறதா? விரல்களில் மட்டும் பதற்றம் தெரியாது. என்ன அழகான வேலை!

2004 டிசம்பர் 26 சுனாமி குடியிருப்பை அழித்தது. ஓங்கேக்கள் மேட்டுக் காட்டுக்குள் ஏறித் தப்பினார்கள். சாந்தியும் அவர்களோடு கூடாரத்தில் தங்கி, காட்டுக்குள் நடந்தே வைத்தியம் பார்த்தார்.

2011-இல் பத்மஸ்ரீ வந்தது. பிறகும் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனையில், பழங்குடி நோயாளிகளின் கட்டிலருகேதான் அவர் வேலை பார்த்தார்.