தடுப்பாட்டத்தின் ஆசான் ஷான் எட்வர்ட்ஸ்

ரக்பி லீக் ஆட்டக்காரராக ஷான் எட்வர்ட்ஸ் வென்ற பதக்கங்களுக்கு இங்கிலாந்தில் இணை தேடுவது கடினம். பயிற்சியாளராக அவர் புகழ் பெற்றதோ வேறோர் ஆட்டமான ரக்பி யூனியனில். இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுகட்டலாமா என்ற தகராறில், 1895-இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் பிரிந்து போயின. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான் அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் லீக். யூனியனில் பதினைந்து பேர்.

எட்வர்ட்ஸ் 1966-இல் விகன் நகரில் பிறந்தார். சுரங்கமும் பஞ்சாலையும் வளர்த்த அந்த ஊரில் ரக்பி என்றால் லீக்தான். தந்தை ஜாக்கியும் வாரிங்டன் கிளப்புக்காக ஆடியவர். முதுகெலும்புக் காயத்தால் இளம் வயதிலேயே களத்தை விட்டு விலக நேர்ந்தது. மகன் பள்ளி அளவில் லீக், யூனியன் இரண்டிலும் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். 1983-இல் பதினேழாவது பிறந்தநாளன்று 35,000 பவுண்டுக்கு விகன் கிளப் அவரை எடுத்துக்கொண்டது. பள்ளி மாணவனுக்கு அன்று அது பெரிய தொகை.

அடுத்த ஆண்டே வெம்ப்ளியில், லீக்கின் சேலஞ்ச் கப் கோப்பைக்கான இறுதி ஆட்டம். விட்னஸ் அணியிடம் தோல்வி. 1985-இல் ஹல் அணியை 28-24 என வென்று விகன் கோப்பையைத் தூக்கியது. பிறகு 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு முறை அந்தக் கோப்பை விகனை விட்டு வெளியே போகவில்லை. இந்த ஒன்பது வெற்றிகளிலும் எட்வர்ட்ஸுக்குப் பங்கு உண்டு. 1988-இல் கோப்பையை வாங்கிய தலைவரும் அவரே. அப்போது வயது 21. கிரேட் பிரிட்டனுக்காக 36 டெஸ்ட் ஆட்டங்களும் ஆடினார்.

அவர் ஆடியது ஹாஃப் பேக் இடத்தில். அணியின் தாக்குதலை நடத்திச் செல்லும் இடம் அது. மின்னல் வேகமோ மலைபோன்ற உடலோ அவரிடம் இல்லை. கூட்டாளி ஒருவர் எதிரணி வரிசையை உடைத்துக்கொண்டு ஓடும்போது, பந்தை வாங்க அவர் தோளுக்குப் பக்கத்தில் எட்வர்ட்ஸ் எப்படியும் வந்து நிற்பார். அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே படித்துவிடுவதுதான் அவருடைய உண்மையான வேகம். 1992-இல் ஸ்விண்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பத்து டிரை (எதிரணிக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தல்) எடுத்ததை வேறு எப்படி விளக்குவது? 1990 சேலஞ்ச் கப் இறுதி ஆட்டத்தில் கன்ன எலும்பு முறிந்த பிறகும் களத்தில் நின்றது தனிக்கதை. லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான, அந்த ஆண்டின் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ விருது அவருக்கே கிடைத்தது.

1994 அக்டோபரில் வெம்ப்ளியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் அவருக்குக் கசப்பான நாள். கிரேட் பிரிட்டன் தலைவரான அவர், பிராட்லி கிளைடை தோளுக்கு மேலே தாக்கியதற்காக முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். மீதமிருந்த பன்னிரண்டு பேர் 8-4 என வென்றார்கள். ஓர் ஆள் குறைந்தாலும் வரிசை கலையாவிட்டால் உலகின் சிறந்த அணியையும் நிறுத்தலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

1997-இல் விகனை விட்டு லண்டன் பிராங்கோஸுக்குப் போனார், இடையில் சிறிது காலம் பிராட்ஃபோர்டு, 2000-இல் ஓய்வு. அதற்குள் யூனியனிலும் நிலைமை மாறியிருந்தது. 1995-இல் அது தொழில்முறை ஆட்டமாகிவிட, லீக் ஆட்களுக்கு அதுவரை மூடியிருந்த கதவு திறந்தது. 1999 யூனியன் உலகக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியா தொடர் முழுவதும் ஒரே ஒரு டிரைதான் விட்டுக்கொடுத்தது. அந்தத் தடுப்பாட்டத்தை வடிவமைத்த ஜான் மகிள்டன் பழைய லீக் ஆட்டக்காரர்.

லீக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஏன் தடுப்பாட்டம் கைவந்தது என்பதற்கு விதிகளே விடை. லீக்கில் ஓர் அணியிடம் பந்து ஆறு டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துதல்) வரைதான் இருக்கும். ஒவ்வொரு டேக்கிளுக்கும் பிறகு தடுக்கும் அணி பத்து மீட்டர் பின்வாங்கி, வரிசை கட்டி, மீண்டும் முன்னேற வேண்டும். எண்பது நிமிடமும் இதே வேலை. யூனியனில் டேக்கிளுக்குப் பிறகு இரு அணியும் பந்துக்காக முட்டிமோதுகின்றன. தடுப்பவர்கள் அந்தக் குவியலின் கடைசிக் காலுக்குப் பின்னால் நின்றால் போதும். எதிரியை அடையக் கடக்கும் தூரம் குறைவு. பத்து மீட்டர் ஓடிப் பழகியவர் கண்ணுக்கு இது பெரிய வாய்ப்பு.

யூனியனில் பலரும் அதுவரை பழகியது, எதிரணியை மெல்ல எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுக்கிச் செல்லும் முறை. 2001-இல் லண்டன் வாஸ்ப்ஸ் கிளப்பில் சேர்ந்த எட்வர்ட்ஸ், பயிற்சியாளர் வாரன் கேட்லண்டுடன் சேர்ந்து ‘பிளிட்ஸ்’ முறையை அங்கே வேரூன்றச் செய்தார். வரிசை முழுவதும் ஒரே மூச்சில் பாய்ந்து முன்னேறும். வெளிப்பக்கம் நிற்பவர் சற்று முந்துவார். பந்தை வெளியே அனுப்ப வழி அடைபட்டு, எதிராளி கூட்டம் மிகுந்த உட்பக்கம் திரும்புவார், அல்லது அவசரத்தில் பந்தை நழுவவிடுவார். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் ஓட்டை விழும். வாஸ்ப்ஸ் 2003, 2004, 2005, 2008 ஆண்டுகளில் இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. 2004, 2007-இல் ஐரோப்பியக் கோப்பையும் வந்தது.

2007 உலகக் கோப்பையில் ஃபிஜியிடம் தோற்று முதல் சுற்றோடு வெளியேறிய வேல்ஸ், கேட்லண்டையும் எட்வர்ட்ஸையும் அழைத்தது. சில மாதங்களில், ஆறு நாடுகள் ஆடும் 2008 சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் ஐந்து ஆட்டங்களையும் வென்று ‘கிராண்ட் ஸ்லாம்’ பெற்றது. விட்டுக்கொடுத்த டிரை இரண்டே இரண்டு. பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள்தான். பயிற்சியின் மதிப்பை அளக்க இதைவிடத் தெளிவான எண் வேண்டாம். 2012-இலும் 2019-இலும் மீண்டும் கிராண்ட் ஸ்லாம்.

2020 முதல் அவர் விகனின் தலைமைப் பயிற்சியாளராக வருவார் என்று கிளப் 2018-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு அது கைகூடாமல் போனது. லீக் கிளப் எதற்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. தாய்மண்ணின் ஆட்டத்துக்கு இது இழப்பே.

அவர் போய்ச் சேர்ந்த இடம் பிரான்ஸ். பந்தோடு வித்தை காட்டுவதில் பெருமை கொள்ளும் நாடு அது. ஃபாபியென் கால்தியே தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின், பந்தை உதைத்து எதிரணியிடமே கொடுத்துவிட்டு, தடுப்பில் பறித்துத் தாக்கும் அணியாகவும் பிரான்ஸ் மாறியது. 2022-இல் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் வந்தது. முறையின் பலவீனமும் இங்கேதான் அம்பலமானது. 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் தென்னாப்பிரிக்கா நான்கு டிரை எடுத்து 29-28 என வென்றது. உயரே உதைத்த பந்தைப் பிரான்ஸ் பிடிக்கத் தவறியதில் ஒன்று, பாய்ந்து வந்த வரிசைக்குப் பின்னால் உதைத்த பந்தில் இன்னொன்று. முன்னேறும் வரிசையின் முதுகுப்புறம் காலியாக இருக்கும் என்பதைத் தென்னாப்பிரிக்கர்கள் நன்றாகவே படித்திருந்தார்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகும் பிரான்ஸ் அவரை விடவில்லை. 2025-இல் பிரான்ஸ் மீண்டும் சிக்ஸ் நேஷன்ஸ் பட்டம் வென்றபோது, தடுப்பாட்டப் பொறுப்பு 58 வயது எட்வர்ட்ஸிடமே இருந்தது.