ஹோம்ஸ்டெட் 2006: 0.0147 நொடி

ஃபார்முலா ஒன் பார்க்கும் நண்பர்களிடம் ஓவல் பந்தயம் என்று பேச்செடுத்தால் ஒரே பதில்தான் வரும்: "சும்மா வட்டமடிக்கிறதுல என்னய்யா இருக்கு?" நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இண்டிகார் பந்தயங்களின் பழைய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. ஆனால் ஒரு பந்தயத்தில் மட்டும் மனசு ஒட்டவே இல்லை. ஏன் என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2006 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரிடாவில் மயாமிக்குப் பக்கத்தில் உள்ள ஹோம்ஸ்டெட்டில் அந்த ஆண்டின் முதல் பந்தயம். ஒன்றரை மைல் ஓவல், 200 சுற்று. கனாசி அணிக்காக முதல் முறையாக ஓட்டிய டான் வெல்டன், ஹீலியோ காஸ்ட்ரோநெவெஸை 0.0147 நொடியில் முந்தி ஜெயித்தார். மணிக்கு 340 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அது ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. காரின் மூக்கு நீளம்தான். அபாரமான முடிவு, இல்லையா?

இந்த நெருக்கம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். 2003இல் அந்தத் தடத்தின் வளைவுகளை 18 முதல் 20 டிகிரி வரை சாய்த்துக் கட்டினார்கள். காரின் இறக்கைகள் அதைத் தரையோடு அழுத்துகின்றன. இரண்டும் சேர்ந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலேயே சுற்றிவிடலாம். 2006இல் எல்லாருக்கும் ஹோண்டா எஞ்சின்தான். முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வருபவர் ஒட்டிக்கொண்டே வரலாம். ஆக, யாரும் யாரையும் விட்டுத் தப்பிக்க முடியாது. சக்கரத்துக்குச் சக்கரம் அத்தனை நெருக்கமாக ஓட்ட அசாத்திய நிதானம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நெருக்கம் ஓட்டுநர்கள் சம்பாதித்தது அல்ல. தடமும் விதிகளும் சேர்ந்து கொடுத்தது.

இனி அன்று காலைக்கு வருவோம். பந்தயத்துக்கு முந்தைய பயிற்சி ஓட்டத்தில் எட் கார்ப்பென்டரின் கார் சுவரில் மோதித் தடத்தின் மேலேயே நின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது. சில நொடிகள் கழித்து வந்த பால் டானா பெரிய அளவில் வேகம் குறையாமல் அதன்மேல் மோதினார். கார்ப்பென்டர் பிழைத்துக்கொண்டார். டானா இறந்துவிட்டார். வயது 30. பத்திரிகையாளராக இருந்து ஓட்டுநரானவர். எத்தனால் எரிபொருளை இந்தப் பந்தயத் தொடருக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ரஹால் லெட்டர்மன் அணிக்கு அவர் ஓட்ட இருந்த முதல் பந்தயம் அது. அந்த அணி மீதி இரண்டு கார்களையும் விலக்கிக்கொண்டது. மற்றவர்கள் அன்று பிற்பகலே ஓட்டினார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டானா இறந்தது கூட்டமாக நெருங்கி ஓட்டியதால் அல்ல. அவருக்கு அனுபவம் போதாது என்ற பேச்சும் அப்போது எழுந்தது. செத்தவர் பதில் சொல்ல வரமாட்டார் என்பதால் பழியை அங்கே வைப்பது ரொம்பச் சுலபம். எச்சரிக்கை ரேடியோவில் சொல்லப்பட்டது என்றுதான் அணி சொன்னது. அப்படியானால் ஏன் வேகம் குறையவில்லை? விளக்கு கண்ணில் படவில்லையா? சொன்னது காதில் விழவில்லையா? நின்ற கார் எந்தப் பக்கம் என்று புரியவில்லையா? அன்று பிற்பகல் பச்சைக் கொடி அசைந்தபோது இவற்றுக்கு விசாரணை முடிந்து வந்த பதில் கிடையாது. அதே விளக்குகள், அதே ரேடியோ ஏற்பாடு, அதே தடம்.

"அவரும் பந்தயம் நடப்பதைத்தான் விரும்பியிருப்பார்" என்பது இந்த மாதிரி நாட்களில் வழக்கமாகச் சொல்லப்படுவது. எனக்கு இது சரியாகப் படவில்லை. நிறுத்துவதா வேண்டாமா என்பதை நாம் எப்போதும் துக்கத்தின் கணக்கில் பேசுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: என்ன நடந்தது என்று தெரியுமா? தெரியாவிட்டால் அடுத்தவரை எப்படி அதே இடத்துக்கு அனுப்புவது?

இது நடைமுறைக்கு ஒத்துவராத பேச்சு என்று தோன்றலாம். ஆனால் நடந்திருக்கிறது. 2001 ஏப்ரலில் டெக்ஸாஸ் ஓவலில் கார்ட் தொடரின் பந்தயம். பயிற்சியில் வளைவின் விசை தாங்காமல் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தலைசுற்றியது. மருத்துவர் எச்சரித்தார். மக்கள் வந்துகொண்டிருந்தபோது, தொடங்க இரண்டு மணி நேரமே இருக்கையில் பந்தயத்தை ரத்து செய்தார்கள். தடத்தின் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. கார்ட் நிர்வாகத்தைக் கேலி செய்தவர்கள் நிறைய. ஆனால் அன்று யாரும் சாகவில்லை. பாதுகாப்பு முடிவுகளில் இதுதான் கஷ்டம்: சரியாக எடுத்தால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஹோம்ஸ்டெட்டில் ஜெயித்த வெல்டனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2011 அக்டோபர் 16, லாஸ் வேகஸ். அதே மாதிரி ஒன்றரை மைல் சாய்வு ஓவல், 34 கார்கள். 11ஆவது சுற்றில் 15 கார்கள் சிக்கிய விபத்தில் அவர் இறந்தார். வயது 33. அந்த முறை பந்தயத்தைக் கைவிட்டு, மற்ற ஓட்டுநர்கள் ஐந்து சுற்று மெதுவாக ஓட்டி அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு வந்த விசாரணை அறிக்கை, தடத்தில் எந்தப் பாதையிலும் முழு வேகத்தில் ஓட்ட முடிந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னது. அடுத்த ஆண்டு அந்தத் தடத்துக்கு இண்டிகார் திரும்பவில்லை. அவர் சோதித்துப் பார்த்த புதிய காருக்கு அவருடைய பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார்கள்: டிடபிள்யூ12.

0.0147 என்ற எண்ணில் பிழை இல்லை. அன்றைய வெற்றியும் நியாயமான வெற்றிதான். ஆனால் முடிவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அன்று காலையில் நடந்தது தெரியப்போவதில்லை. அந்த வீடியோவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பச்சைக் கொடியைப் பார்க்கும் முன் காலையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.