நேரலை என்பது எவ்வளவு நேரடி?

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் மாலை. எங்கள் கல்லூரிக் கூடத்தில் மாணவர்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலவைத் தொடவிருந்த நேரம் அது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் யூடியூப் தளத்தில் வழங்கிய நேரலையைத் திரையில் விழச் செய்திருந்தோம். திரையில் கலம் இன்னும் இறங்கிக்கொண்டேயிருந்தது. அதற்குள், பக்கத்து விடுதியில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கைதட்டல் கூரையைப் பிளந்தது!

"சார், நாம் பார்ப்பதும் நேரலைதானே? அவர்களுக்கு மட்டும் எப்படி முன்னாலேயே தெரிந்தது?" என்று முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்.

வாசகர்களே, அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. பொதுமக்கள் யாவரும் பயன்படுத்தும் இந்த நேரலைத் தளங்கள் அறிவியலுக்கு நண்பனா, பகைவனா? எடைபோட்டுப் பார்ப்போம்.

தாமதம் எங்கே?

நிலவு நம்மிடமிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும் ரேடியோ அலை இத்தொலைவை 1.3 வினாடியில் கடந்துவிடும். ஆகவே தாமதம் விண்ணில் இல்லை, மண்ணில்தான்!

நேரலைத் தளம் படத்தைச் சுருக்குகிறது. சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. பல ஊர்களிலுள்ள சர்வர்களுக்கு அனுப்பிவைக்கிறது. நம் கைப்பேசியோ வந்த துண்டை உடனே காட்டுவதில்லை. இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே காட்டத் தொடங்குகிறது. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், மாடித் தொட்டியில் தேக்கி வைத்தால் வீட்டில் சீராகக் கிடைக்கிறதல்லவா? அதே ஏற்பாடுதான். சீராகக் காட்டுவதற்குக் கொடுக்கும் விலையே அந்தத் தாமதம். அது சில வினாடிகள் முதல் அரை நிமிடம் வரைகூட ஆகலாம்.

நன்மைத் தட்டு

1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், ஏ.டி.எஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளைக் கொண்டு நம் நாட்டின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. அன்று ஒரு பாடத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோக ஒரு செயற்கைக்கோளும், ஊர்தோறும் ஓர் ஆண்டெனாவும் தேவைப்பட்டன. இன்றோ ஒரு பள்ளி ஆசிரியர், கைப்பேசியும் இணையமும் இருந்தால், தம் ஊரில் தெரியும் கிரகணத்தை உலகுக்கே காட்டிவிடலாம். நேரலை முடிந்த பின்னும் பதிவு தளத்தில் இருப்பதால், புரியாத பகுதியை மீண்டும் பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. 2019 செப்டம்பர் 7-ஆம் நாள் அதிகாலையில் சந்திரயான்-2இன் கலம் இறங்கியபோது, சுமார் 2.1 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பு அறுந்தது. விழித்திருந்து பார்த்தவர்கள் வரைகோடு நின்றுபோனதையும், கட்டுப்பாட்டு அறையில் பரவிய மௌனத்தையும் கண்டார்கள். பாடநூலில் பெரும்பாலும் வெற்றி பெற்ற சோதனைகளே இடம் பெறுகின்றன. தோல்வியையும் மறைக்காமல் காட்டிய அந்த இரவு, என் மாணவர்களுக்கு நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட நல்ல பாடம் என்பேன்.

தீமைத் தட்டு

முதற்குறை, செலவு. வானொலி நிலையத்துக்கு ஒரு நேயர் கூடினாலும் ஓர் இலட்சம் பேர் கூடினாலும் மின்செலவு ஒன்றுதான். இணையத்திலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படி அனுப்ப வேண்டும். சந்திரயான்-3 இறங்கியபோது 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் யூடியூபில் பார்த்தனர். ஒருவருக்கு வினாடிக்கு 20 இலட்சம் பிட் என்று கொண்டால், மொத்தம் வினாடிக்கு 16 இலட்சம் கோடி பிட்! பார்ப்பவருக்கும் மணிக்கு 900 மெகாபைட் கரைகிறது. அன்று மலையடிவார ஊரில் இருந்த என் மாணவன் ஒருவன் கண்டதெல்லாம் சுழலும் வட்டத்தை மட்டுமே.

இரண்டாவது, மயக்கம். "இறங்கும் கலத்தை வெளியே நின்று படம்பிடித்தது யார்?" என்று மறுநாள் வகுப்பில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உண்மையில், திரையில் இறங்கிய கலம் கணிப்பொறி வரைந்த படம். கூடவே தெரிந்த உயரம், வேகம் பற்றிய எண்களே கலத்திலிருந்து வந்த செய்தி. கலத்தின் சொந்தக் காமிரா எடுத்த காணொளி ஆகஸ்ட் 24 அன்றுதான் வெளியிடப்பட்டது. இதில் நிறுவனத்தின் குற்றம் ஏதுமில்லை. ஆனால் 'நேரலை' என்ற ஒரு சொல், வரைபடத்தையும் நிழற்படத்தையும் நம் கண்ணில் ஒன்றாக்கிவிட்டது!

மூன்றாவது, கொடியது. ஆசிரியர் குழு இல்லாத பத்திரிகை இது. 2019 மார்ச் 15-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 பேரைக் கொன்றவன், அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். அப்போது பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அதன் 15 இலட்சம் படிகளை நீக்கியதாக அந்நிறுவனமே அறிவித்தது. கிரகணத்தை உலகுக்குக் காட்டும் வசதியேதான் இதையும் பரப்பியது.

முடிவு என்ன?

என் தீர்ப்பு இதுதான்: நேரலையை வகுப்பறைக்குள் விடலாம்; ஆனால் சாட்சிக் கூண்டில் நிறுத்தினால் குறுக்கு விசாரணை செய்யாமல் விடக்கூடாது. நேரலை என்பது காட்சி எப்போது வருகிறது என்பதைச் சொல்லும் சொல். வருவது உண்மைதானா என்பதற்கு அது உத்தரவாதமன்று. காட்டுபவர் யார்? காமிரா கண்டது எது, கை வரைந்தது எது? இவ்விரு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பாருங்கள். மறுநாள் குறிப்பேட்டுடன் பதிவை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு சிறு சோதனையும் செய்யலாம். இரண்டு கைப்பேசிகளில் ஒரே நேரலையைத் திறந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து பாருங்கள். அன்று கேள்வி கேட்ட மாணவி முதலில் செய்தது இதைத்தான். நிலவிலிருந்து அலை வந்துசேர ஆகும் 1.3 வினாடியோடு உங்கள் விடையை ஒப்பிட்டால், 'நேரடி' என்ற சொல்லை இனி நீங்களும் சற்று நிதானித்தே உச்சரிப்பீர்கள்!